வாடும் ஆர்க்கிட்டை மீட்பது எப்படி: வேரிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஆர்க்கிட்டின் இலை துவண்டதும் கை தானாகத் தண்ணீர்க் குவளையைத் தேடும். அந்தக் கையைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். நீர் கிடைக்காத செடியின் இலையும் துவளும். நீர் மிகுந்து வேர் அழுகிய செடியின் இலையும் துவளும். மேலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதல் செடிக்கு ஒரு குவளை நீர் மருந்து, இரண்டாவதற்கு அதே குவளைதான் கடைசி அடி. ஆகவே வேரைப் பார்க்கும்வரை எதையும் ஊற்றாதீர்கள், தெளிக்காதீர்கள், உரமிடாதீர்கள்.

இங்கே சொல்வது முதன்மையாக ஃபெலனாப்சிஸுக்குப் பொருந்தும். அகன்ற தடித்த இலைகள் எதிரெதிராக அடுக்கியிருக்கும், வளைந்த பூந்தண்டில் தட்டையான பூக்கள் வரிசையாக நிற்கும். பரிசாகக் கைமாறும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். டென்ட்ரோபியம், கேட்லியா, ஒன்சிடியம், வாண்டா ஆகியவை எங்கே விலகுகின்றன என்பதைப் பிற்பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

வேர் ஏன் இப்படி இருக்கிறது

ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பான்மையானவை மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் தொற்றுத் தாவரங்கள். ஒட்டுண்ணிகள் அல்ல, மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. மழை பெய்யும்போது வேர் முழுவதும் நனையும், மழை நின்றதும் காற்று அதை உலர்த்திவிடும். நனைவதும் உலர்வதுமாக மாறி மாறி வாழவே இந்த வேர் அமைந்திருக்கிறது.

வேரைச் சுற்றி வெலாமன் என்னும் உறை இருக்கிறது. அது உயிரற்ற வெற்றுச் செல்களால் ஆனது. மை ஒற்றும் தாள் மையை இழுப்பதுபோல நீரைச் சட்டென்று இழுத்து, உள்ளே இருக்கும் உயிருள்ள பகுதிக்கு மெல்லக் கொடுக்கும். உலர்ந்திருக்கும்போது அதன் வெற்றுச் செல்களில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளிச் சாம்பல் நிறமாகத் தெரியும். நனைந்தால் உறை ஒளியை ஊடுருவ விடும், உள்ளேயுள்ள பச்சை வெளியே தெரியும். வேர் பச்சையாக இருந்தால் நீர் இருக்கிறது, வெள்ளியாக இருந்தால் உலர்ந்துவிட்டது. ஆர்க்கிட் வளர்ப்பில் இதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை என்பது என் எண்ணம். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தொட்டியை எல்லோரும் பரிந்துரைப்பதும் இதற்காகத்தான்.

இந்த உறை நாள் முழுவதும் நீரில் ஊறிக்கிடந்தால் உள்ளே இருக்கும் வேருக்குக் காற்று போகாது. காற்றில்லாத வேர் மூச்சு முட்டிச் சாகும், பிறகு பூஞ்சையும் பாக்டீரியாவும் வந்து சேரும். அழுகலுக்குக் காரணம் பூஞ்சைதான் என்று எண்ணி மருந்து தேடி அலைபவர்கள், பூஞ்சைக்கு முன்பே காற்று போய்விட்டதைக் கவனிப்பதில்லை.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். ஃபெலனாப்சிஸ் தன் இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு, பகலில் மூடி வைத்திருக்கும் வகை. இலையிலும் நீரைச் சேமித்து வைத்திருக்கும். இதனால் வேர் இல்லாமலேயே பல வாரங்கள் தாக்குப்பிடிக்கும். நல்லதுதான், ஆனால் வேர் செத்து வெகுநாள் ஆன பிறகே இலை அதைக் காட்டும். இலை துவளும்போது நாம் பார்ப்பது பழைய செய்தி.

படி 1: தொட்டியை அசைக்காமல் ஒரு பார்வை

முதலில், பூக்கள் எல்லாம் உதிர்ந்து வெறும் குச்சி நின்றால் அது நோய் அல்ல. பூத்து முடிந்த செடி ஓய்வெடுக்கிறது. இதைச் செத்துவிட்டதாக நினைத்துக் குப்பையில் போடப்படும் நல்ல செடிகள் ஏராளம்.

மிகவும் அடியிலுள்ள இலை ஒன்று மட்டும் மெல்ல மஞ்சளாகி உதிர்வது வயதின் காரணம். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே நேரத்தில் பல இலைகள் மஞ்சளானாலோ, நடுவிலுள்ள குருத்து இலையே நிறம் மாறினாலோ உடனே கவனிக்க வேண்டும். இலைகள் தோல்போல் சுருங்கித் தொங்கினால் சிக்கல் வேரில். இலை கரும்பச்சையாகவும் நீண்டு மெலிந்தும் இருந்தால் வெளிச்சம் போதவில்லை. வெளுத்துப் பின்னர் காய்ந்து கருகிய திட்டு ஒரே பக்கத்தில் இருந்தால் அது வெயில் சுட்ட தழும்பு. பரவாது, மறையவும் மறையாது. நீர் கோத்ததுபோல் ஒளி ஊடுருவும் திட்டு ஒரே நாளில் பெரிதானால் பாக்டீரியா அழுகல், அதற்கு மட்டும் அவசரம் தேவை.

மொட்டுகள் மஞ்சளாகி விரியாமலே உதிர்ந்தால் சூழல் திடீரென்று மாறியிருக்கிறது: இடம் மாற்றம், குளிர்க்காற்று வீச்சு, வறண்ட காற்று. அருகில் பழக்கூடை இருந்தாலும் இது நடக்கும். பழுக்கும் பழம் வெளியிடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்க்கும்.

தொட்டியிலிருந்து சிறு கருப்புக் கொசுக்கள் எழும்பினால், உள்ளே இருக்கும் ஊடகம் (மண்ணுக்குப் பதிலாகச் செடியைத் தாங்கும் மரப்பட்டை, பாசி போன்ற கலவை) மக்கிவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

படி 2: வேரை வெளியே எடுப்பது

செடி பூத்திருக்கும்போது தொட்டி மாற்றக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. நலமாக இருக்கும் செடிக்கு அது சரி. வேர் அழுகும் செடிக்கு அந்த மரியாதை தேவையில்லை. பூந்தண்டை அடியில் வெட்டிப் பூச்சாடியில் வைத்துவிட்டுச் செடியைக் கவனியுங்கள். வேரில்லாத செடி, தன் இலைகளில் சேமித்ததையெல்லாம் எடுத்துப் பூவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். மனம் வராதுதான்; ஆனாலும் வெட்டத்தான் வேண்டும்.

தொட்டியை வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். உலர்ந்த வேர் முறியும், ஊறிய வேர் வளையும். பிறகு தொட்டியின் பக்கங்களைப் பிசைந்து செடியை உருவுங்கள். வேர் தொட்டியில் ஒட்டியிருந்தால் தொட்டியைக் கிழித்துவிடுங்கள். பழைய ஊடகத்தை விரலால் உதிர்த்து, ஓடும் நீரில் வேரைக் கழுவுங்கள்.

வேர்க்கட்டின் நடுவைக் கட்டாயம் பாருங்கள். நாற்றுப் பருவத்தில் வைத்த பாசி உருண்டையோ பஞ்சுக் கட்டியோ அங்கே அப்படியே இருக்கலாம். வெளியே மரப்பட்டை காய்ந்து கிடக்கும்போதும் இந்தக் கட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். கடையிலிருந்து நலமாக வந்த செடி சில மாதங்களில் நலிவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. சிறு கவ்வி கொண்டு துணுக்குத் துணுக்காக எடுத்துவிடுங்கள்.

படி 3: எதை வெட்டுவது, எதை விடுவது

நிறத்தை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். ஒவ்வொரு வேரையும் இரு விரல்களுக்கிடையே மெல்ல அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, மரப்பட்டைச் சாயம் ஏறியிருக்கும், வெளிச்சம் படாத இடத்தில் வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். அழுத்தும்போது நீர் கசிந்து நசுங்கினால், அல்லது உள்ளே ஒன்றுமில்லாமல் காகிதம்போல் தட்டையானால் அது செத்த வேர். மேலுறை கழன்று நூல்போல் ஒரு நரம்பு மட்டும் மிஞ்சுவதும் செத்ததே. பாதி வேர் நன்றாக இருந்தால் கெட்ட பாதியை மட்டும் எடுங்கள். ஐயம் வந்தால் விட்டுவிடுங்கள். வேர் குறைவாக உள்ள செடியில் நல்ல வேர் ஒன்றைத் தவறி வெட்டுவது, கெட்ட வேர் ஒன்றை விட்டுவைப்பதைவிடப் பெரிய இழப்பு.

கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் முன்பாகச் சுடரில் காட்டிச் சூடாக்குங்கள், அல்லது செடிக்கு ஒரு புது பிளேடு பயன்படுத்துங்கள். 70 சதவீத ஆல்கஹால் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் போதும். ஆர்க்கிட்டுகளில் கத்தி வழியாகப் பரவும் சிம்பிடியம் மொசைக், ஒடொன்டோகுளோசம் வளையப்புள்ளி ஆகிய இரு வைரஸ்களுக்கு அதை நம்ப முடியாது. அவற்றுக்கு மருந்தும் இல்லை. அதனால் பல செடிகள் வைத்திருப்பவர்கள் இந்தச் சிறு தொல்லையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிய இடத்தில் இலவங்கப்பட்டைப் பொடி தொட்டு வைக்கும் வழக்கம் உண்டு. பூஞ்சையைத் தடுக்கும், ஆனால் ஈரத்தையும் உறிஞ்சும். காயத்தின் முனையில் மட்டும் வையுங்கள். நல்ல வேர்மேல் தூவினால் அதையும் உலர்த்திவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடை வேர்முழுக்க ஊற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. நுரை பொங்கும்போது ஏதோ நல்லது நடப்பதாகத் தோன்றும். அது உயிருள்ள திசுவையும் சேர்த்தே தாக்குகிறது.

அடி இலை காய்ந்து தொங்கினால் அதன் நடு நரம்பு வழியாக நுனியிலிருந்து இரண்டாகக் கிழித்து, இரு பாதிகளையும் எதிரெதிர்ப் பக்கமாக இழுத்து உரியுங்கள். தண்டில் காயம் படாது. அந்த இடத்தில் புது வேர் முளைக்கக் காத்திருக்கும் முண்டு அடிக்கடி கண்ணில் படும். எல்லாம் முடிந்ததும் செடியை நிழலில், காற்று படும் இடத்தில் சில மணி நேரம் அல்லது ஓர் இரவு கிடத்துங்கள். காயங்கள் உலரட்டும்.

படி 4: மிச்சமிருப்பதைப் பொறுத்து இரு வழிகள்

விரலளவு நீளத்தில் உறுதியான வேர்கள் மூன்று நான்காவது இருந்தால் மறுபடி தொட்டியில் வைக்கலாம். அதற்கும் குறைவாகவோ, வேரே இல்லாமலோ இருந்தால் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

தொட்டியின் அளவை இலைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வேரை அடக்கினால் போதும். இலைகள் வெளியே பரந்து கிடக்க, ஒரு சிறிய கோப்பையில் செடி நிற்பது பார்க்க வேடிக்கையாக இருக்கலாம். பெரிய தொட்டியில் நடுப்பகுதி உலரவே உலராது, அதுதான் இந்தச் செடியை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. அடியில் மட்டுமன்றிப் பக்கங்களிலும் துளைகள் இருக்கட்டும்.

ஊடகமாகத் தோட்ட மண் எக்காரணம் கொண்டும் கூடாது. ஒரு சென்டிமீட்டர் முதல் இரண்டு சென்டிமீட்டர்வரையிலான மரப்பட்டைத் துண்டுகளோடு கொஞ்சம் கரித்துண்டு, பெர்லைட் (நுரைபோல் இலேசான வெள்ளைக் கல் துகள்) கலந்தது பொதுவாகப் போதும். புது மரப்பட்டை நீரை ஏற்காது, வழிய விட்டுவிடும். ஓர் இரவு ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். தேங்காய் மட்டைத் துண்டுகளில் உப்பு இருக்கும். பலமுறை நீர் மாற்றி ஊறவைத்து அலசிய பிறகே அவை வேருக்கு ஏற்றவை. ஸ்பேக்னம் பாசி ஈரத்தை நீண்ட நேரம் வைத்திருக்கும். காற்று வறண்ட வீட்டுக்கும் நீரூற்ற மறப்பவருக்கும் அது பொருந்தும். கை ஓயாமல் நீரூற்றுபவர் பாசியைத் தொடாமலிருப்பது நல்லது. எப்படியும் அதை அழுத்தித் திணிக்கக் கூடாது, உதிரியாக வையுங்கள்.

தண்டின் அடிப்பகுதி ஊடகத்தின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும், புதைந்துவிடக் கூடாது. காற்றில் வளர்ந்து பழகிய வேர்களை உள்ளே திணித்தால் முறியும், முறியாவிட்டாலும் அழுகக்கூடும். அவை வெளியிலேயே இருக்கட்டும். பிறகு செடி ஆடாமல் ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. செடி ஒவ்வொரு முறை அசையும்போதும் புது வேரின் மென்மையான பச்சை முனை பட்டைத் துண்டுகளில் உராய்ந்து தேயும். முனை போன வேர் நீளாது. நட்ட பிறகு இரண்டு மூன்று நாள் நீர் வேண்டாம்.

படி 5: வேரே இல்லாத செடிக்கு

வேர் இல்லாத செடிக்கு நீரூற்றிப் பயனில்லை. அதைக் குடிக்க அதனிடம் வாய் இல்லை. நாம் செய்யக்கூடியது இலை வழியாக ஈரம் வெளியேறுவதைக் குறைத்து, புது வேர் வரும்வரை கால அவகாசம் வாங்கித் தருவது.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை அல்லது மூடியுள்ள பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேக்னம் பாசியை நனைத்து, இனி ஒரு சொட்டும் வராது என்னும்வரை பிழிந்து, அடியில் பரப்புங்கள். அதன்மேல் செடியை வையுங்கள். தண்டின் அடி பாசியைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும், புதைக்க வேண்டாம். குருத்தில் நீர் தேங்காதபடி செடியைச் சற்றுச் சாய்த்து வைக்கலாம். பையை மூடி, வெளிச்சமான ஆனால் வெயில் நேரடியாகப் படாத இடத்தில் வையுங்கள். மூடிய பையில் வெயில் பட்டால் உள்ளே வெப்பம் மளமளவென்று ஏறி, மிச்சமிருக்கும் உயிரும் வெந்துவிடும். 20 முதல் 27 டிகிரி செல்சியஸ்வரை வெப்பநிலை நல்லது. குளிர்ந்த அறையில் வேர் முளைப்பது மிகவும் தாமதமாகும்.

சில நாட்களுக்கு ஒருமுறை பையைத் திறந்து காற்று மாற்றுங்கள். பூசணம் தெரிந்தால் அந்தப் பாசியை எடுத்துவிட்டுப் புதியது வைத்து, பையைக் கூடுதல் நேரம் திறந்து வையுங்கள். சில வாரங்களில் வேர் வரலாம், சில மாதங்களும் ஆகலாம். தண்டின் அடியில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு பளபளப்பான முனை எட்டிப்பார்த்தால் முயற்சி பலித்துவிட்டது. அந்த வேர்கள் நாலைந்து சென்டிமீட்டர் வளர்ந்ததும் சிறிய தொட்டிக்கு மாற்றுங்கள். பையிலிருந்து ஒரே நாளில் வெளியே எடுக்காதீர்கள். ஒரு வாரம் இரண்டு வாரம் திறப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கி வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்.

சர்க்கரை நீர் ஊற்றினால் வேர் வரும் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. அழுகல் தொடங்கிய செடியில் அது கிருமிகளுக்கு வைக்கும் விருந்து. நீர்த்த கடற்பாசிச் சாற்றைத் தொடக்கத்தில் ஒருமுறை பாசியில் தெளிப்பதில் தவறில்லை. ஆனால் அற்புதம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

குருத்து அழுகல்: தனி நெருக்கடி

ஃபெலனாப்சிஸுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான், இலைகளின் நடுவே இருக்கிறது. இயற்கையில் அது கிளையிலிருந்து தலைசாய்ந்து தொங்குவதால் மழைநீர் வழிந்துவிடும். தொட்டியில் நாம் அதை நிமிர்த்தி வைத்துவிட்டோம். நடுவில் நீர் தேங்கி இரவு முழுவதும் நின்றால் அழுகல் பிடிக்கும். நடு இலையை மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிட்டாலோ, அடிப்பகுதி கருத்து நாறினாலோ அதுதான்.

அழுகிய இலைகளை எடுத்துவிட்டு, பஞ்சாலோ மெல்லிய தாளாலோ ஈரத்தை முழுவதும் ஒற்றி எடுங்கள். இங்கே இலவங்கப்பட்டைப் பொடியைத் தாராளமாகவே வைக்கலாம், ஏனெனில் உலர்த்துவதுதான் நோக்கம். மின்விசிறிக் காற்று பட வையுங்கள். வளரும் முனை போய்விட்டால் அது திரும்ப வராது. ஆனால் வேரும் ஓரிரு இலைகளும் நன்றாக இருந்தால், தண்டின் அடியில் உறங்கும் மொட்டு விழித்து ஒரு கன்று வரலாம். பல மாதங்கள் எடுக்கும், எல்லாச் செடியும் தராது. இடம் இருந்தால் காத்திருங்கள்.

இலையில் பரவும் ஈரத் திட்டுக்கும் இதே வேகம் வேண்டும். திட்டின் ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டி எறியுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சுத்தம் செய்யுங்கள், செடியை மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள்.

படி 6: மீண்டும் நீரூற்றத் தொடங்குதல்

வாரம் ஒருமுறை என்ற கணக்கை மறந்துவிடுங்கள். அறையின் வெப்பம், காற்று, தொட்டி, ஊடகம் இவற்றைப் பொறுத்து நான்கு நாளும் ஆகலாம், பதினான்கு நாளும் ஆகலாம். வேர் வெள்ளியாகி, தொட்டியைத் தூக்கினால் எடையில்லாமல் இருந்தால் நீரூற்றுங்கள். தொட்டி ஒளி ஊடுருவாததாக இருந்தால் ஒரு மரக்குச்சியை ஊடகத்தில் செருகி வையுங்கள். வெளியே எடுத்துப் பார்க்கும்போது ஈரமாகத் தெரிந்தால் இன்றைக்கு வேண்டாம்.

ஊற்றும்போது கஞ்சத்தனம் கூடாது. தொட்டியை நீரில் 10 நிமிடம் அமிழ்த்தி வைத்து, எடுத்து, முற்றிலும் வடியவிடுங்கள். கரண்டிக் கணக்கில் தினமும் தெளிப்பதைவிட இது மேல், ஏனெனில் அடுத்த நீருக்கு முன் வேருக்கு உலரும் நேரம் கிடைக்கிறது. காலையில் செய்யுங்கள். குருத்தில் சொட்டு விழுந்தால் தாளின் ஓரத்தால் ஒற்றி எடுங்கள். அழகுக்காக வைத்திருக்கும் வெளித்தொட்டியின் அடியில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். நன்றாகக் கவனிக்கப்படும் செடிகள் பல அழுகுவது அந்தக் கண்ணுக்குத் தெரியாத குட்டையால்தான்.

மழைநீரோ உப்புக் குறைந்த நீரோ சிறந்தது. ஊடகத்தின்மேல் வெள்ளைப் படிவம் தெரிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். வேர்முனை கருகுவது அதன் அடுத்த கட்டம். சோடியம் கொண்டு மென்மையாக்கிய நீரைப் பயன்படுத்தவே கூடாது.

ஒளி, வெப்பம், காற்று

நலிந்த செடியை இருட்டு மூலையில் ஓய்வெடுக்க வைப்பது அன்பின் பெயரால் செய்யும் கொடுமை. புது வேர் வளர்க்க அதற்கு உணவு வேண்டும், உணவுக்கு ஒளி வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்னும் அலகில் ஃபெலனாப்சிஸ் 10,000 முதல் 15,000வரை விரும்பும். மீண்டு வரும் காலத்தில் அதில் குறைந்த பக்கமே போதும். கருவி இல்லாவிட்டால், பகலில் இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். ஓரங்கள் மங்கலான நிழல் விழுந்தால் சரி. நிழலே இல்லையென்றால் வெளிச்சம் போதாது, வெட்டி வைத்தாற்போல் கூர்மையாக விழுந்தால் மிகுதி. காலை வெயில் மட்டும் சற்று நேரம் படும் கிழக்கு ஜன்னல் நல்ல இடம். செயற்கை விளக்கானால் நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம்.

பகலில் 20 முதல் 30 டிகிரி, இரவில் 16 முதல் 20 டிகிரி அதற்கு இதம். நம் உடலுக்கு இதமான அறை அதற்கும் பெரும்பாலும் இதமாகவே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருப்பது நல்லது. அதற்காகக் குப்பியை எடுத்து இலையில் தெளிப்பதால் சில நிமிடங்களுக்குமேல் பயனில்லை, குருத்தில் நீர் தேங்கும் ஆபத்துதான் மிச்சம். செடிகளை ஒன்றாகச் சேர்த்து வைப்பதோ ஈரப்பதக் கருவியோ உதவும். ஈரமான காற்று அசையாமல் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், ஆகவே மெல்லிய காற்றோட்டமும் கூடவே வேண்டும்.

உரமும் பூச்சியும்

நோயுற்ற செடிக்கு உரம் சத்து மருந்து அல்ல. வேரில்லாத நிலையில் உர உப்பு இருக்கும் திசுவையும் கருக்கும். புது வேர்முனைகள் தெளிவாக நீளத் தொடங்கிய பிறகு, 20-20-20 போன்ற (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள) சமச்சீர் உரத்தை உறையில் சொன்ன அளவில் கால் பங்காக நீர்த்துக் கொடுங்கள். நான்காவது முறை வெறும் நீரைத் தாராளமாக ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள்.

மாவுப்பூச்சி இலை இடுக்கில் பஞ்சுபோல் ஒளிந்திருக்கும், செதில் பூச்சி இலை நரம்பை ஒட்டிப் பழுப்பு முண்டாக இருக்கும். 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஒரு வாரம் இடைவெளிவிட்டு மறுபடி மறுபடி செய்யுங்கள். ஒரே தடவையில் போவதில்லை. இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் மினுங்கினால் சிலந்திப்பேன். இலைகளை நீரால் கழுவித் துடைத்து, அந்தி நேரத்தில் நீர்த்த வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். எண்ணெய் பட்ட இலையில் வெயில் படக் கூடாது. பூந்தண்டில் தெளிவான இனிப்புத் துளிகள் இருந்தால் பதற வேண்டாம். பூச்சி இல்லாதபோதும் ஆர்க்கிட்டுகள் அப்படிச் சுரப்பதுண்டு.

மற்ற வகைகளுக்கு மாறுபடுவது

டென்ட்ரோபியம் நோபைல் வகை குளிர்காலத்துக்கு முன் இலைகளை உதிர்க்கும். இலையில்லாத தண்டு பச்சையாகவும் உறுதியாகவும் இருந்தால் அது உயிரோடு இருக்கிறது, பூவும் அதில்தான் வரும், வெட்டிவிடாதீர்கள். தண்டின் உச்சியில் திடீரென்று கன்றுகள் முளைத்தால் அடியில் வேர் நலிந்திருக்கலாம். கன்றின் வேர் ஐந்து சென்டிமீட்டர் ஆனதும் அதைத் தனியே நட்டு வாரிசை உறுதிசெய்துகொள்ளலாம்.

ஒன்சிடியத்தின் புது இலைகள் விசிறிமடிப்பாகச் சுருங்கி வந்தால் வளரும் காலத்தில் நீர் போதவில்லை அல்லது வேர் போய்விட்டது. அந்த மடிப்பு நிமிராது. அடுத்த இலை நேராக வருகிறதா என்று பாருங்கள். கேட்லியா முற்றிலும் உலர்ந்த பிறகே நீர் கேட்கும். அதைத் தொட்டி மாற்ற, புதுத் தளிரின் அடியில் வேர்முனை தெரியும் தருணத்துக்காகக் காத்திருப்பது பாதி வெற்றி. வாண்டாவின் வேர்களை எதிலும் புதைக்காதீர்கள். வெறும் கூடையில் தொங்கவிட்டு, நாள்தோறும் வேர் பச்சையாகும்வரை நனைத்து, ஃபெலனாப்சிஸைவிட அதிக ஒளி கொடுங்கள்.

செருப்பு வடிவப் பூ விடும் பாஃபியோபெடிலம் என்னும் ஆர்க்கிட்டை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதன் வேர் இயல்பாகவே பழுப்பாக, மயிர் படர்ந்து இருக்கும். ஃபெலனாப்சிஸ் கணக்கில் அதை அழுகல் என்று வெட்டிவிடாதீர்கள்.

எதைப் பார்த்துக் காத்திருப்பது

பழைய சுருங்கிய இலையையே பார்த்துக்கொண்டிருந்தால் மனம் சோர்ந்துவிடும். மிகவும் சுருங்கியவை முழுமையாக நிமிர்வதில்லை. அவை பச்சையாக இருக்கும்வரை வெட்டவும் வேண்டாம், செடி அவற்றை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறது. வேர்முனையையும் புது இலையையும் பாருங்கள். முதலில் வேர், அதற்குப் பின் இலை என்ற வரிசையில் வந்தால் செடி தேறுகிறது. புது இலை முந்தைய இலையைவிடச் சிறியதாக வந்தால் இன்னும் ஏதோ குறைகிறது, பெரும்பாலும் ஒளி அல்லது வேர். பெரியதாகவோ சமமாகவோ வந்தால் நீங்கள் செய்வதை மாற்றாமல் செய்துகொண்டிருங்கள். வேரை இழந்த செடி பழைய நிலைக்கு வர ஓர் ஆண்டும் அதற்கு மேலும் ஆவது இயல்பு. நடுவில் ஆவல் தாங்காமல் அடிக்கடி பிடுங்கிப் பார்ப்பது புது வேர்முனைகளை முறிக்கும். ஒளி ஊடுருவும் தொட்டி வைத்திருப்பது அந்தத் தேவையே இல்லாமல் செய்வதற்கும்தான்.

தண்டு முழுவதும் பழுப்பாகி உள்ளே குழைந்திருந்தால், அல்லது வேரும் இல்லை இலையும் ஒன்றே என்று ஆகிவிட்டால், கைவிடுவதில் குற்றமில்லை. பூவின் நிறம் உடைந்து கோடு கோடாகவும், இலைகளில் வளையங்களும் கீறல்களும் ஆண்டுதோறும் மோசமாகவும் வந்தால் வைரஸ் என்று சந்தேகித்து, மற்ற செடிகளிலிருந்து அகற்றிவிடுங்கள்.

நலம் பெறும் செடி இடையிலேயே பூந்தண்டு விடலாம். உறுதியான இலைகள் மூன்றுக்குக் குறைவாக இருந்தால் அதைச் சிறிதாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். இலைகளும் வேர்களும் நிறைந்த பிறகு பூ வேண்டுமென்றால் சில வாரங்கள் வெப்பநிலை 25 டிகிரிக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள். தண்டு கிளம்புவதற்கு ஃபெலனாப்சிஸுக்கு அந்தக் குளிர்ச்சிதான் சமிக்ஞை. புதுத் தண்டும் புது வேரும் தொடக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும்: வேரின் முனை உருண்டு வழவழப்பாக இருக்கும், பூந்தண்டின் முனை தட்டையாகக் கையுறை மாட்டிய விரல்போல ஒரு பக்கம் கூர்ந்திருக்கும். அது பூந்தண்டுதான் என்று தெரிந்ததும் தொட்டியின் ஒளி பார்த்த பக்கத்தில் ஒரு குறியிட்டு, மொட்டுகள் விரியும்வரை திருப்பாமல் அதே திசையில் வையுங்கள். இடையில் திருப்பினால் மொட்டுகள் ஒளியைத் தேடி முறுக்கிக்கொண்டு, பூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும்.